படி உப்புக்கு முழுப் பாட்டு

எங்கள் ஊர் உப்பு பாடத் தொடங்கிய வருஷத்தில் அதை முதன்முதலாகக் கேட்டவர் சத்துணவுக்கூடத்துச் சந்தனமாரி அக்கா. மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, சாம்பார் கொதி வந்து அவர் கை நிறைய உப்பை அள்ளித் தூவியதும், அண்டாவுக்குள்ளிருந்து ஒரு பெண் கரகரத்த குரலில் "மழையே, இன்னும் ஒரு நாள் கடலிலேயே நில்லு" என்று பாடினாள். சந்தனமாரி அக்கா தீயைத் தணித்தார், கரண்டியால் ஒரு சுற்றுக் கிண்டினார், பாட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார், உப்பு சரியாக இருந்தது, ஆகவே பரிமாறினார். பிள்ளைகள் சாயங்காலம் அந்த வரியைப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள், வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அங்கேயும் அதே வரி.

தூத்துக்குடிக்காரர்கள் பயந்துபோனார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயப்பட நேரமில்லை, எந்த நேரமும் யார் வீட்டிலாவது ஏதாவது கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு வாரத்துக்குள் ஊர் அதன் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டது: கிள்ளு உப்புக்கு ஒரு வரி, கைப்பிடிக்கு ஒரு சரணம், படி உப்புக்கு முழுப் பாட்டு. கரைந்தால்தான் பாடும், சும்மா கிடந்தால் பாடாது. பாளையங்கோட்டைக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மாமியார் வீட்டில் கரைத்துக் காட்டினார்கள், அங்கே அது வாயே திறக்கவில்லை, தூத்துக்குடிக்காரிக்குப் பீத்தல் அதிகம் என்று பெயர் வந்ததுதான் மிச்சம். உப்பு வியாபாரிகள் கூட்டம் போட்டு, வெளியூரில் பாடாத சரக்கால் நமக்கு நஷ்டமுமில்லை லாபமுமில்லை என்று தீர்மானம் எழுதி, டீ குடித்துக் கலைந்தார்கள். பரோட்டாக் கடைகளில் மாவு பிசைகிறவர்கள் பாட்டின் தாளத்துக்குப் பிசையப் பழகினார்கள், அதனால் பரோட்டா முன்னைவிட மிருதுவாக இருப்பதாகப் பேச்சு. கருவாடு போடும் பெண்கள் தொட்டியில் உப்பைக் கொட்டிவிட்டு முழுப் பாட்டையும் கேட்டு முடித்துத்தான் மீனை இறக்கினார்கள். ரத்த அழுத்தக்காரர்கள் டாக்டரிடம் போய்க் கேட்டார்கள், அவர் யோசித்து, கேட்கலாம், தின்னக்கூடாது என்றார். அவர்கள் சொம்புத் தண்ணீரில் கரைத்துக் கேட்டுவிட்டு வாசலில் கொட்டினார்கள். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் மட்டும் போட்டு மக்ரூன் செய்கிற பேக்கரிகள்தான் ஊரிலேயே சத்தமில்லாத இடங்களாக மிஞ்சின, துக்கம் கேட்க வந்தவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைப்பது வழக்கமாயிற்று.

உப்பளத்து ஆட்களுக்கு அந்த முதல் வரி போதும். மழை வந்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும், உப்பு வாரும் பலகையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். மழையைக் கடலிலேயே நிற்கச் சொல்கிற ஒரு பாட்டை அவர்கள் வேறு யாரிடமும் கேட்டதில்லை. பாடுகிறவள் யார் என்று அவர்கள் கேட்கவுமில்லை.

அந்த ஊரில் அந்த வருஷம் குஜராத் உப்பு வாங்கிச் சமைத்தவன் நான் ஒருவன்தான். பெரிய கடையில், மேல் தட்டிலிருந்து, பிளாஸ்டிக் பையில். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தெருவில் யாரும் பார்த்துவிடாதபடி அதைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

தொண்ணூற்றாறில் நாங்கள் மூன்று பேர்: நான் லிகோரி கிட்டார், ஆன்றோ டிரம்ஸ், ஜெனோவா பாட்டு. 'வெட்டவெயில்' என்று எங்கள் குழுவுக்குப் பெயர். துறைமுகத்துக்கு வந்த ஒரு பிலிப்பைன்ஸ் சமையல்காரன் ஒரு சாக்கு நிறையக் கேசட்டுகளை ஆன்றோவின் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனான், அதிலிருந்துதான் எங்களுக்கு அந்த நோய் பிடித்தது. அமெரிக்காவில் எங்கோ ஒரு மூலையில், வருஷம் பூராவும் மழை பெய்கிற ஊரில், தலை சீவாத பையன்கள் தொண்டை கிழியக் கத்தியது எங்களுக்காகத்தான் என்று நாங்கள் சந்தேகமில்லாமல் நம்பினோம். அவர்கள் போட்டிருந்த கட்டம் போட்ட கம்பளிச் சட்டையைப் போல நாங்களும் தைத்துப் போட்டுக்கொண்டு நூறு டிகிரி வெயிலில் கடற்கரைச் சாலையில் நடந்தோம், சட்டையில் உப்பு பூத்தது. கோயில் பாடகர் குழுவின் கிட்டாருக்குள் பழைய டெலிபோன் ரிசீவரின் வாயை வைத்துக் கட்டி, திருவிழா மைக்செட்டின் கிழிந்த ஸ்பீக்கரில் இணைத்தால் அந்தக் கேசட்டுகளின் உறுமல் அப்படியே வந்தது. சர்ச் ஹாலில் ஒத்திகை. நாங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் பாட்டு எழுதி, மழைக்கும் தனிமைக்கும் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஜெனோவா தமிழில் எழுதினாள். அவளுடைய அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. அவர்கள் ஊரில் மழை பெய்கிறது, நம்ம ஊரில் பெய்யக்கூடாது, நாம எதுக்கு அவங்கள மாதிரி அழணும் என்றாள். அப்படித்தான் அந்தப் பாட்டு வந்தது.

அதை ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கேசட்டில் பதிந்தோம். கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும், அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் பிறகு பதிய முடியாது, பொத்தானை அழுத்தினாலும் இறங்காது. ஜெனோவா தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, பாட்டு இருந்த பக்கத்துப் பல்லை உடைத்தாள், உடைந்த துண்டை ஊதிவிட்டாள், இனிமே எவனாலயும் முடியாது என்று சிரித்தாள். சென்னையில் ஒரு கேசட் கம்பெனி புதுக் குரல் தேடுவதாகப் பேப்பரில் போட்டிருந்தது. தபாலில் அனுப்பும் பொறுப்பு என்னுடையது, ஏனென்றால் முகவரியை அழகான இங்கிலீஷில் எழுத எனக்குத்தான் வரும்.

அந்தப் பாட்டு இருபத்தெட்டு வருஷம் கழித்து உப்பிலிருந்து வருகிறது என்பது எனக்கு வியப்பாக இல்லை, ஏனென்றால் அந்தக் கேசட்டை எந்த உப்பளத்து வாய்க்காலில் வீசினேன் என்பது எனக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. படி உப்பு போட்டு முழுப் பாட்டையும் கேட்பவர்களுக்கு இரண்டு சரணம்தான் அவளுடைய குரல்; மூன்றாவது சரணம் வரவேண்டிய இடத்தில் டக்கென்று ஒரு சத்தம், அதன்பின் ஒரு பையன் மூக்கால் பேசும் இங்கிலீஷில், படிப்பு முடிந்ததும் நான் நிச்சயமாக என் ஊருக்குத் திரும்பி வருவேன் என்று சொல்வான். மூன்று தடவை சொல்வான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நன்றாக. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் சார் ஒருவர் அதற்கு அர்த்தம் சொல்லிவிட்டார், அவ்வளவுதான், பாட்டைவிட அந்தப் பையனை ஊர் அதிகமாக நேசிக்கத் தொடங்கியது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் மஸ்கட்டிலோ கனடாவிலோ கப்பலிலோ இருக்கிறார்கள். மரியபுஷ்பம் அக்காவின் மகன் ரொறன்ரோவுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, அக்கா வெள்ளிக்கிழமைதோறும் தனியாளுக்கு ஒரு படி உப்பைக் குடத்தில் கரைத்து, பாட்டு முடியும்வரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பையன் பேசத் தொடங்கியதும் குடத்தைக் கட்டிக்கொள்வார். மூன்றாவது சரணத்தை யாரும் தேடவில்லை. இருந்தது என்று தெரிந்தால்தானே தேடுவதற்கு.

ஆன்றோ முதல் வாரமே மோட்டார் சைக்கிளில் வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இப்போது அவன் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர், நல்ல தொந்தி, ஆனால் பாட்டின் இடையில் தன் டிரம்ஸ் வரும் இடத்தில் விரல்கள் தானாகவே எதையாவது தட்டின. அந்தப் பையன் குரல் கப்பல் ரேடியோவிலிருந்து உள்ளே பூந்ததாக இருக்கும் என்று அவனே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தான். "எவன்னு தெரியல, ஆனா பய நல்லாத்தான் சொல்லுதான்ல" என்றான். நான் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

கோயில் திருவிழாவின் கடைசி நாள் அசனம். ஊருக்கே சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கிப் போடுகிற அந்தச் சாப்பாட்டுக்கு அந்த வருஷம் ஆன்றோதான் பொறுப்பு, ஏழு அண்டாக் குழம்பு, அண்டாவுக்கு ஒரு படி உப்பு. ஏழு பாட்டும் ஒன்றோடொன்று மோதக்கூடாது என்று பங்குப் பேரவையில் இரண்டு மணி நேரம் பேசி, பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்து முடித்தபின் ஒவ்வொரு அண்டாவாக உப்புப் போடுவது, ஒன்று ஓய்ந்தபின் அடுத்தது என்று முடிவு செய்தார்கள். சாமியாரும் சம்மதித்தார். ஊரே வரும். ஜெனோவாவும் வருவாள், அசனத்துக்கு வராத ஆள் கிடையாது. எனக்கு அதற்குமேல் குஜராத் உப்பால் பிரயோஜனமில்லை.

ஜெனோவா கோயிலுக்குப் பின்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கல்யாணம் செய்துகொண்டாள், கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். எட்டு வருஷமாக ரத்த அழுத்தம், உப்பில்லாச் சமையல், அதனால் அவள் வீட்டு அடுப்பும் என் அடுப்பைப் போல ஊமை. நான் ஊர் திரும்பிய இரண்டு வருஷத்தில் மாதம் ஒருமுறை அவளிடம் மாத்திரை வாங்குகிறேன், மழையைப் பற்றியும் மகளைப் பற்றியும் பேசுகிறோம். அந்தக் காலத்துக்குப்பின் அவள் ஒருமுறைகூடப் பாடியதில்லை என்பதை ஆன்றோதான் சொன்னான், பூசையில்கூட உதட்டைத் திறக்க மாட்டாளாம்.

அசனத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போனேன். அவள் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் நான்தான் என்றேன். விசா இன்டர்வியூவுக்குப் பேசிப் பழக வேண்டியிருந்தது, அன்றைக்குக் கடையடைப்பு, வெறும் கேசட் கிடைக்கவில்லை, கையில் இருந்ததைப் போட்டேன், பக்கம் மாறிவிட்டது, தவறுதலாக நடந்துவிட்டது, உன்னிடம் சொல்லப் பயந்து, தபாலில் அனுப்பிவிட்டதாக அன்றைக்குப் பொய் சொன்னேன், கிளம்புகிற அன்று அதை உப்பளத்தில் எறிந்துவிட்டேன். இவ்வளவையும் நான் ஒரே மூச்சில், வீட்டில் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்ட ஒழுங்கில், கொஞ்சம் கொஞ்சமாக நன்றாக வந்த குரலில் சொன்னேன்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"நா தங்கப்பழம் அண்ணாச்சிகிட்ட சண்ட போட்டேன்" என்றாள். "தபால்கார அண்ணாச்சி. கம்பெனிப் பதில் வந்துருக்கும், நீரு எங்கயோ தொலைச்சிட்டீருன்னு நடுத்தெருவுல வச்சு. ஆறு மாசம் அவரு எங்க வீட்டத் தாண்டும்போது சைக்கிள விட்டு இறங்கி, தலையக் குனிஞ்சிட்டு உருட்டிட்டுப் போவாரு. அவரு சாவுக்குப் போயி நா மன்னிப்புக் கேட்டேன். என்னத்துக்குக் கேக்கேன்னு அவரு பொண்டாட்டிக்கே தெரியல."

அவள் இன்னும் இரண்டு அட்டைகளைக் கத்தரித்தாள். பிறகு கை நின்றது.

"பாட்டு இருந்த பக்கத்துப் பல்ல நாந்தான ஒடச்சேன்."

"ஆமா."

"ஒடச்ச பக்கத்துல பட்டன் இறங்காதே லிகோரி. செல்லோடேப் ஒட்டுனியா?"

தெருவில் ஒரு ஆட்டோ திருவிழாப் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஒட்டினேன்" என்றேன்.

"அப்பத் தவறுதலா இல்ல. ஒட்டணும்னா கத்திரி எடுக்கணும், பல்லால கடிச்சாவது வெட்டணும், ஓட்டைய மூடி நகத்தால தேய்க்கணும். அம்புட்டையும் செஞ்சிருக்க. மறுபக்கம் பல்லு நல்லாத்தான இருந்துச்சு. அதத் திருப்பிப் போடுறதுக்கு என்ன? அதுல என்ன இருந்துச்சு?"

பதில் என் வாய்வரை வந்தது. அப்போது ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு வந்தார், நான் அந்த மனிதருக்கு நன்றி உள்ளவனாக இருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவர் போனபின் அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

"மூணாவது சரணம் எனக்கு ஒரு வார்த்தகூட ஞாபகம் இல்ல" என்றாள். "பதில் வராததும் நோட்டையெல்லாம் எரிச்சிட்டேன். ஒனக்கு இருக்கா?"

எனக்கும் இல்லை. இருபத்தாறு வருஷம், ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு, பனியில் கார் ஓட்டும்போதும் துணி துவைக்கும் கடையில் காத்திருக்கும்போதும், அந்த நாட்களின் இசையை நினைத்து நினைத்து நான் ஏங்கியிருக்கிறேன். அப்படி ஏங்கியதில் ஒருமுறைகூட அவளுடைய மூன்றாவது சரணம் வந்ததில்லை என்பது அந்தக் கவுண்டருக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

"நாளைக்கு உப்ப நீதான் போடணும்" என்றாள். "போட்டுட்டு மைக்குல சொல்லணும். தங்கப்பழம் அண்ணாச்சி பேரையும் சேத்துச் சொல்லணும்." பிறகு என் மாத்திரை உறையை நீட்டி, வழக்கம்போல, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு என்றாள்.

மறுநாள் கோயில் வளாகத்தில் வரிசை மைதானத்தைத் தாண்டிச் சாலைவரை நின்றது. சாமியார் மந்திரித்தார். ஆன்றோ படியை என் கையில் கொடுத்து, கொட்டாத, தூவணும் என்று சொல்லிக்கொடுத்தான். முதல் அண்டாவில் உப்பு விழுந்தது, பாட்டு எழுந்தது, மூவாயிரம் பேர் தட்டுகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள், ஆன்றோ அண்டாவின் விளிம்பில் இரண்டு கரண்டிக் காம்புகளால் தன் பங்கை வாசித்தான். இரண்டு சரணம் முடிந்து டக்கென்ற சத்தம் வந்து, பையன் மூன்று தடவை திரும்பி வருவதாகச் சொல்லி முடித்ததும், நான் மைக்கை வாங்கினேன்.

அந்தப் பையன் நான்தான், அந்த இடத்தில் இருந்தது ஒரு பெண்ணின் சரணம், அதை அழித்தது நான், அவள் பெயர் ஜெனோவா, அதற்கு வந்த பதிலைத் தபால்காரர் தங்கப்பழம் தொலைக்கவில்லை, கேசட்டை நான் தபாலில் போடவே இல்லை என்று சொன்னேன். கல்லோ செருப்போ வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரிசையின் முன்பக்கத்திலிருந்து மரியபுஷ்பம் அக்கா கேட்டார்.

"அப்போ அந்தப் பிள்ள திரும்பி வந்துட்டானாய்யா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "வந்துட்டேன்க்கா" என்றேன்.

அவர் தட்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை நெற்றியில் வைத்துச் சொடுக்கினார். வந்துட்டானாம், வந்துட்டானாம் என்று செய்தி வரிசையில் பின்னால் பின்னால் போனது, சாலைவரை போனது, அங்கிருந்து ஒரு கைதட்டல் கிளம்பி என்னை நோக்கி வந்தது. ஆட்கள் செல்போனில் மகன்களைக் கூப்பிட்டு, எல, அந்தப் பய வந்துட்டான், நீ எப்ப வருவ என்று கேட்டார்கள். யாரோ என் தோளில் துண்டு போட்டார்கள். என்னை அந்த ஊர் அன்றைக்கு மன்னிக்கவில்லை. மன்னிக்க என்ன இருக்கிறது என்றே அதற்குத் தோன்றவில்லை. தங்கப்பழம் அண்ணாச்சியின் மனைவி மட்டும் தட்டை வைத்துவிட்டு வாசல் வழியாக வெளியே போனதைப் பார்த்தேன்.

இரண்டாவது அண்டாவுக்கு நான் நடந்தபோது ஜெனோவா என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் தட்டு. அவளை அங்கே யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பு போட்டேன், அவள் அண்டாவின் விளிம்புக்கு மேலே, ஆவியில், காதைச் சாய்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். மூன்றாவதிலும் அப்படியே. நான்காவது அண்டாவில், என் குரல் முதல் தடவை சொல்லி நின்று, இரண்டாவது தடவை தொடங்குவதற்கு முன்னால், விரலைத் தூக்கினாள்.

"இங்க."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. முதல் தடவை சொன்னதும் கேட்டுப் பார்ப்பதற்காக நான் பதிவை நிறுத்தியிருக்கிறேன், மறுபடி அழுத்தும்போது ஒரு மயிரிழை தள்ளி அழுத்தியிருக்கிறேன். அந்த இடைவெளியில் நாடா அழியாமல் இருந்தது. அதில் அவள் குரல், ஒரு எழுத்து அளவுக்கு, அதுவும் பாதி. உச்சத்தில், வாய் முழுக்கத் திறந்து, ஏதோ ஒரு சொல்லின் நடுவில். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஐந்தாவதில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறாவதில் அவள் உதடு அந்த அரை எழுத்தின் வடிவத்தில் திறந்து, மூடியது. ஏழாவது அண்டா முடிந்து, ஆன்றோவின் ஆட்கள் பந்திக்கு வாளி எடுக்கத் தொடங்கியபோது, இனி ஒரு வருஷம் ஆனாலும் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்ததால் சொன்னேன்.

"மறுபக்கம் என் கிட்டார் இருந்துச்சு, ஜெனோவா. தனியா வாசிச்சு வச்சிருந்தேன். நாலு நிமிஷம். அத அழிக்க மனசு வரல."

அவள் என்னைப் பார்த்தாள். நல்லா இருந்துச்சா என்று கேட்டாள். நான் யோசித்தேன், இப்போதும் கண்ணை மூடினால் அதன் ஒவ்வொரு சுரத்தையும் என்னால் வாசிக்க முடியும், அதனால் உண்மையைச் சொல்ல முடிந்தது.

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். எட்டு வருஷமாக உப்பு தொடாதவள், அண்டாவிலிருந்து ஒரு கரண்டிக் குழம்பைத் தன் தட்டில் தானே ஊற்றி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு காணாது" என்றாள். "இன்னொரு படி போடு."

போட்டேன். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது, மழையைக் கடலிலேயே நிற்கச் சொன்னது, நான் திரும்பி வருவதாகச் சொன்னேன், அந்த அரை எழுத்து வந்து போனது. காணாது என்றாள். போட்டேன். ஆன்றோ ஓடிவந்து, குழம்பு நாசமாப் போகும்ல, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒங்களுக்கு என்று என் கையைப் பிடித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை விட்டான், கரண்டிக் காம்புகளை எடுத்து விளிம்பில் மெல்லத் தட்டத் தொடங்கினான். நான்காவது படிக்கு அந்த அரை எழுத்து வந்தபோது அவள் அதோடு சேர்ந்து வாயைத் திறந்தாள், சத்தம் வந்தது, துருப்பிடித்த கதவைப் போல ஒரு சத்தம், அரை எழுத்து முடிந்தபின்னும் அது நிற்காமல், அடுத்து என்ன என்று தெரியாமல், என் இங்கிலீஷின் மேல் ஏறிக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

"இன்னொண்ணு" என்றாள்.

சாக்கில் இருந்த உப்பு தீரும்வரை போட்டேன். ஏழாவது அண்டாக் குழம்பு அன்றைக்கு வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாமல், கண்ணில் நீர் வரவர, அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டு எழுந்தார்கள்.